பெயர் எழுதப்படாத மருந்து: ஹெப்பாரின் நிகழ்வுகளும் மருத்துவமனை மருந்தகமும்

2006 செப்டம்பர் 16, சனிக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள மெத்தடிஸ்ட் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், குறைமாதத்தில் பிறந்த ஆறு குழந்தைகளுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் செலுத்தப்பட்டது. செலுத்தியிருக்க வேண்டியது ஒரு மில்லிலிட்டருக்கு 10 யூனிட் வலிமையுள்ள கரைசல். குழந்தைகளின் உடலுக்குள் போனது 10,000 யூனிட் வலிமையுள்ளது. ஆயிரம் மடங்கு. மூன்று குழந்தைகள் உயிரிழந்தன.

மருத்துவர் யாரும் மருந்தைத் தவறாக எழுதவில்லை. கணக்குப் போடுவதில் எவரும் பிழை செய்யவில்லை. ஒரு குழந்தைக்கான மருந்து இன்னொரு குழந்தைக்குப் போகவும் இல்லை. தவறு அதற்கெல்லாம் முன்பே நடந்து முடிந்திருந்தது. வார்டிலிருந்த கணினி மருந்துப் பெட்டியை நிரப்பும் அன்றாட வேலையில், மருந்தகத்திலிருந்து எடுத்துச் சென்ற குப்பிகளே மாறியிருந்தன. அந்த வேலையைச் செய்தவர் 25 ஆண்டுகளுக்கும் மேல் அனுபவம் உள்ள மருந்தக டெக்னீஷியன்.

மருத்துவமனை மருந்தகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மருந்துச் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கும் ஜன்னல். அதற்குப் பின்னால் நடக்கும் வேலையில் பெரும்பகுதி நோயாளியின் கண்ணில் படுவதே இல்லை. எதைக் கொள்முதல் செய்வது, எந்த அலமாரியில் வைப்பது, எந்த வார்டுக்கு எவ்வளவு அனுப்புவது, யார் நிரப்புவது என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. ஹெப்பாரின் நிகழ்வுகளைத் தொடர்ந்து படித்துவந்ததில் என் மனதில் உறுதிப்பட்டது ஒன்றுதான்: நோயாளியின் பெயர் ஒட்டப்பட்ட மருந்துக்கு மருந்தகம் காட்டும் அக்கறை, பெயர் ஒட்டப்படாமல் மொத்தமாகப் போகும் மருந்துக்குக் கிடைப்பதில்லை. மூன்று குழந்தைகளின் உயிர் அந்த இடைவெளியில்தான் போனது.

ஒரே மருந்து, இரண்டு வேலை

ஹெப்பாரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், கால் நாளங்களிலும் நுரையீரலிலும் அடைக்கும் இரத்தக் கட்டிகள் என்று இது இல்லாமல் நடக்காத சிகிச்சைகள் பல. அங்கெல்லாம் ஆயிரக்கணக்கான யூனிட் தேவைப்படும்.

இதே மருந்துக்கு இன்னொரு சின்ன வேலையும் உண்டு. நரம்பில் செருகிய மெல்லிய குழாயின் முனையில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மிகமிக நீர்த்த ஹெப்பாரினைச் சிறிது செலுத்திக் குழாயைக் கழுவிவிடுவார்கள். இதைத்தான் ‘ஃப்ளஷ்’ என்கிறார்கள். இதற்கு மில்லிலிட்டருக்கு 10 யூனிட் போதும். குழந்தைக்குச் சிகிச்சையாக அல்ல, குழாய்க்குப் பராமரிப்பாகத் தரப்படுவது இது.

ஒரு கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தைக்கு இரத்தக் கட்டிக்கான முழுச் சிகிச்சையே தொடங்கினாலும், முதல் டோஸ் சுமார் 75 யூனிட்தான். 10,000 யூனிட் குப்பி ஒன்று முழுதாக உள்ளே போனால் அது அந்தச் சிகிச்சை அளவைப் போல நூறு மடங்குக்கும் மேல். அந்தக் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 100 மில்லிலிட்டர்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் விபரீதத்தின் அளவு புரியும்.

இத்தனை வேறுபாடு கொண்ட இரண்டு குப்பிகளும் பாக்ஸ்டர் நிறுவனத்தின் தயாரிப்புகள். இரண்டும் ஒரு மில்லிலிட்டர் குப்பிகள். இரண்டின் லேபிளிலும் நீல நிறம். ஒன்று வெளிர் நீலம், மற்றது அடர் நீலம். தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்க்கும்போது இது வெளிரா அடரா என்று சொல்ல, பக்கத்தில் மற்றொன்று இருந்தால்தான் முடியும்.

மருந்து வார்டுக்குப் போகும் இரண்டு பாதைகள்

நன்கு நடக்கும் ஒரு மருத்துவமனையில் மருத்துவர் ஒரு மருந்தை எழுதினால் அது நேராக ஊசிக்குப் போவதில்லை. மருந்தாளுநர் அந்தக் குறிப்பைப் படிக்கிறார். நோயாளியின் எடை, வயது, சிறுநீரகச் செயல்பாடு, ஒவ்வாமை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள் எல்லாவற்றோடும் பொருத்திப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார். டெக்னீஷியன் மருந்தை எடுத்துவைக்க, மருந்தாளுநர் மறுபடி பார்த்து, நோயாளியின் பெயரோடு ஒவ்வொரு டோஸாகப் பொதிந்து அனுப்புகிறார். செவிலியர் படுக்கையருகே பெயரையும் மருந்தையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்கிறார். ஒருவர் கவனிக்கத் தவறியது அடுத்தவர் கண்ணில் படும் வாய்ப்பு இந்தப் பாதையில் பல முறை வருகிறது.

இரண்டாவது பாதை வார்டு ஸ்டாக். அவசரத்துக்கும் அடிக்கடி தேவைப்படுவதற்கும் சில மருந்துகள் வார்டிலேயே இருக்க வேண்டும். இப்போது பல மருத்துவமனைகளில் அதற்குக் கணினிப் பெட்டிகள் உள்ளன. செவிலியர் தன் அடையாளத்தைப் பதிந்து, நோயாளியையும் மருந்தையும் திரையில் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய இழுப்பறை திறக்கும். ஒரு மருந்தின் இருப்பு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இறங்கினால் மருந்தகத்துக்குப் பட்டியல் போகும். டெக்னீஷியன் பட்டியலைப் பார்த்து அலமாரியிலிருந்து எடுத்து, வண்டியில் வைத்து, வார்டுக்குக் கொண்டுபோய், அறையறையாக நிரப்பிவிட்டு வருவார்.

இந்தப் பட்டியலில் எந்த நோயாளியின் பெயரும் இல்லை. எடை இல்லை, வயது இல்லை, நோய் இல்லை. ‘இது இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அதிகமாயிற்றே’ என்று ஒருவரைத் திடுக்கிட வைக்கும் எந்தத் தகவலும் அதில் கிடையாது. மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. எடுப்பவரின் கண் மட்டுமே காவல், மருந்தாளுநர் அதை நிஜமாகவே சரிபார்க்காத வரை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஒரு நோயாளிக்கான டோஸில் தவறு நடந்தால் பாதிக்கப்படுவது அந்த ஒருவர். இழுப்பறை தவறாக நிரப்பப்பட்டால், அடுத்து யாரெல்லாம் அதைத் திறக்கிறார்களோ அவர்கள் அத்தனை பேரின் நோயாளிகளும் பாதிக்கப்படுவார்கள். மெத்தடிஸ்ட்டில் ஆறு குழந்தைகள் என்ற எண்ணிக்கை வந்தது அதனால்தான்.

காவல் ஒவ்வொன்றாக விலகியது

அலமாரியிலிருந்து தொடங்குவோம். மருந்தகங்களில் அகரவரிசைப்படி மருந்துகளை அடுக்குவது பழைய பழக்கம், தேடுவதற்கு எளிது. ஆனால் அப்படி அடுக்கினால் ஒரே மருந்தின் எல்லா வலிமைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தேடும் வேகத்தைக் கூட்டும் அதே ஒழுங்கு, கை ஓர் அங்குலம் தள்ளிப் போனால் பெயர் சரியாகவும் வலிமை தவறாகவும் இருக்கும் குப்பியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆபத்து அதிகமான மருந்துகளையாவது வரிசையிலிருந்து பிரித்துத் தனியிடத்தில் வைக்க வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வதன் காரணம் இது.

கொள்முதலிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. எந்த மருந்து, எந்த வலிமை, யாருடைய தயாரிப்பு என்பதை மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்த மருந்தியல் குழு முடிவு செய்கிறது. தோற்றத்தில் ஒத்த இரண்டு வலிமைகள் இருந்தால் ஒன்றை வேறு நிறுவனத்திடம் வாங்கலாம். விலைப் பட்டியலை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவில் இது கவனத்துக்கு வராது. கொள்முதல் மேசையில் குப்பியையே கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் எது நிற்கப்போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது செவிலியர்கள். இழுப்பறையிலிருந்து எடுத்த குப்பியின் லேபிளைப் படிக்க வேண்டியது அவர்கள் கடமை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் ஹெப்பாரினின் ஒரே ஒரு வலிமைதான் எப்போதும் இருந்துவந்தது. திரையில் தேர்ந்தெடுத்தார்கள், சரியான இழுப்பறை திறந்தது, நீல லேபிள் போட்ட சின்னக் குப்பி கிடைத்தது. எதிர்பார்த்ததை எதிர்பார்த்த இடத்தில் காணும்போது கண் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. ஒருவரல்ல, அன்று வெவ்வேறு செவிலியர்கள் அதே குப்பிகளை எடுத்து அதே விதமாகப் பயன்படுத்தினார்கள் என்பது இங்கே முக்கியம். ஒருவர் கவனக்குறைவானவர் என்று சொல்லலாம். அத்தனை பேரும் ஒரே நாளில் கவனக்குறைவானவர்களாக மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது விளக்கமாகாது. கணினிப் பெட்டி தந்த நம்பிக்கையே அவர்களின் பார்வையை மறைத்தது.

மருத்துவமனைத் தலைமை தவறை நிறுவனத்தின் தவறாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஹெப்பாரினின் சில குப்பி வகைகளைக் கையிருப்பிலிருந்தே நீக்கியது. பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெப்பாரின் தரும் முன் இரண்டு செவிலியர்கள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

எச்சரிக்கை வந்த பிறகும்

2007 பிப்ரவரியில் பாக்ஸ்டர் நிறுவனம் மருத்துவமனைகளுக்குக் கடிதம் அனுப்பியது. இரண்டு குப்பிகளும் குழப்பத்துக்கு இடம் தருகின்றன, கவனமாக இருங்கள் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு அக்டோபரில் 10,000 யூனிட் குப்பியின் லேபிளை மாற்றியது. எழுத்தைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றி, மூடியின் மேல் கிழித்தெடுக்க வேண்டிய சிவப்பு எச்சரிக்கைச் சீட்டையும் சேர்த்தது. ஏற்கெனவே மருத்துவமனைகளின் அலமாரிகளில் இருந்த பழைய குப்பிகளை அது திரும்பப் பெறவில்லை.

நவம்பர் 18. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனை. நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகள் பிறந்து பத்து நாள். கிருமித் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கும் இன்னொரு நோயாளிக்கும் குழாயைக் கழுவ 10 யூனிட்டுக்குப் பதில் 10,000 யூனிட் ஹெப்பாரின் செலுத்தப்பட்டது. இரட்டையர்களுக்கு ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

இங்கே பாதை இன்னும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மைய மருந்தகத்தில் ஒரு டெக்னீஷியன் குப்பிகளை எடுத்தார். இரண்டாவது நபர் சரிபார்த்திருக்க வேண்டும், நடக்கவில்லை. குப்பிகள் குழந்தைகள் பிரிவுக்கான கிளை மருந்தகத்துக்குப் போயின. அங்கே வாங்கி வைத்தவர் வலிமையைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. செவிலியர்கள் லேபிளைப் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. காகிதத்தில் மூன்று சரிபார்ப்புகள் இருந்தன. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்தவர் பார்த்திருப்பார் என்று நம்பியதில் மூன்றும் சேர்ந்து பூஜ்யமாகிவிட்டன.

குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். ஹெப்பாரினுக்கு புரோட்டமின் என்ற மாற்று மருந்து உண்டு. ஒரு மில்லிகிராம் புரோட்டமின் ஏறத்தாழ 100 யூனிட் ஹெப்பாரினைச் செயலிழக்கச் செய்யும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் மட்டுமே அது கைகொடுக்கும். கலிஃபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவமனைக்கு 25,000 டாலர் அபராதம் விதித்தது. குவைட் குடும்பம் மருத்துவமனையோடு 7,50,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குவைட் 2008 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் சொன்னார்.

இண்டியானாபொலிஸில் நடந்தது நாடறிந்த செய்தி. கடிதம் வந்திருந்தது. லேபிளும் மாறியிருந்தது. பதினான்கு மாதம் கழித்து அதே மருந்தில் அதே வகைத் தவறு நடந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒரு கோப்புக்குள் போய்விட்டால் மட்டும் போதாது. மருந்தாளுநர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தன் அலமாரிக்கு முன் போய் நின்று, பழைய குப்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தக நிர்வாகத்தில் மிகச் சலிப்பான வேலை அது. எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுவதும் அதுதான்.

வார்டில் இல்லாத குப்பி

இப்படியான நிகழ்வுக்குப் பிறகு மருத்துவமனைகள் வழக்கமாகச் செய்வது பயிற்சி வகுப்பு, சுற்றறிக்கை, சுவரொட்டி. மூன்றும் மனிதக் கவனத்தை நம்பியவை. நள்ளிரவு இரண்டு மணிக்கு, மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் அழும்போது, சுவரொட்டி எதையும் தடுக்காது.

மனிதக் கவனத்தை நம்பாத தீர்வுக்கு முன்னுதாரணம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அடர் பொட்டாசியம் குளோரைடு குப்பிகளை வேறு மருந்தென்று நினைத்து நேரடியாக நரம்பில் செலுத்தி இறந்த நோயாளிகள் பலர். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 1998-இல் வெளியிட்ட முதல் எச்சரிக்கை அறிக்கையே இதைப் பற்றித்தான். தீர்வு எளிது: அந்தக் குப்பிகளை வார்டிலிருந்து எடுத்துவிட்டு, நீர்த்த கரைசலை மருந்தகத்திலேயே தயாரித்து அனுப்புவது. கையில் இல்லாததைத் தவறாகச் செலுத்த முடியாது. ஹெப்பாரினுக்கும் இதே வழி பொருந்தும். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஃப்ளஷுக்குத் தொழிற்சாலையிலேயே நிரப்பி வரும் சிரிஞ்சை மட்டும் வைக்கலாம். குழாயின் வகையைப் பொறுத்து, பல இடங்களில் வெறும் உப்புநீரே போதும். அங்கே ஹெப்பாரினே தேவையில்லை.

பார்கோடு இன்னொரு வலுவான காவல். 1992-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் செவிலியராக இருந்த சூ கின்னிக், வாடகைக் கார் நிறுவனம் பார்கோடால் கார்களைப் பதிவு செய்வதைப் பார்த்து, இதை மருந்துக்கும் செய்யலாமே என்று யோசித்தார். 1999 முதல் அந்த முறை நாடு முழுவதும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் பரவியது. மருந்துக் குப்பிகளில் பார்கோடு இருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் கொண்டுவந்தது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்துகளுக்குத் தரப்பட்ட கெடு 2006 ஏப்ரல். மெத்தடிஸ்ட்டில் குழந்தைகள் இறந்தது அந்தக் கெடு முடிந்து ஐந்தாம் மாதம். குப்பியின் மேல் கோடுகள் அச்சாவதோடு வேலை முடிவதில்லை. எடுக்கும் இடத்தில், நிரப்பும் இடத்தில், கொடுக்கும் இடத்தில் அதைப் படிக்கும் கருவியும் பழக்கமும் இருந்தால்தான் அது காவலாகும். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, படுக்கையருகே பார்கோடு படிக்கும் முறை வந்த பிறகு, நேரம் தொடர்பானவை தவிர்த்த மருந்துத் தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்ததாகக் காட்டியது. மிச்சம் 6.8 சதவீதம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் பார்வையில் ஒரு மருத்துவமனை எல்லா இடத்திலும் ஒரே நாளில் பார்கோடு முறையைக் கொண்டுவர முடியாவிட்டால், படுக்கையருகே தொடங்குவதற்கு முன் பெட்டியை நிரப்பும் இடத்தில் தொடங்க வேண்டும். ஒரு முறை படித்தால் அடுத்து அந்த இழுப்பறையைத் திறக்கும் எல்லோருக்கும் அது பாதுகாப்பு. செலவும் குறைவு.

லேபிளைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் தாமதமாக வந்தது. 2013 மே முதல் அமெரிக்காவில் ஹெப்பாரின் குப்பிகளில், குப்பி முழுவதிலும் உள்ள மொத்த யூனிட் முதலிலும் பெரிதாகவும், ஒரு மில்லிலிட்டருக்கான அளவு அதற்கடுத்தும் அச்சிட வேண்டும் என்றாகியது. அதற்கு முன் மில்லிலிட்டர் அளவை மட்டும் பார்த்து, குப்பி முழுவதிலும் அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்துவிடும் வாய்ப்பு இருந்தது.

மருந்து கலக்கும் அறையில்

மருந்தகத்திலேயே தயாரித்து அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மேலே சொன்னதை அப்படியே விட்டுவிட்டால் அது முழு உண்மையாகாது. 2008 ஜூலையில் டெக்சஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில், ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மிகையான ஹெப்பாரின் போனது. இந்த முறை குப்பி மாறவில்லை. மருந்தகத்தில் கரைசலைக் கலக்கும்போதே வலிமை தவறிவிட்டது. வார்டுக்குப் போன மருந்தின் லேபிள் சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. செவிலியர் எத்தனை முறை படித்திருந்தாலும் பயனில்லை.

ஓஹியோ மாநிலத்தில் 2006-இல் நடந்தது இதைவிட வேதனையானது. புற்றுநோய்ச் சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் இருந்த இரண்டு வயதுக் குழந்தைக்கான மருந்தை, வழக்கமான உப்புநீருக்குப் பதில் 23.4 சதவீத அடர் உப்புக் கரைசலில் டெக்னீஷியன் கலந்துவிட்டார். வழக்கமான உப்புநீர் 0.9 சதவீதம்தான். சரிபார்த்துக் கையெழுத்திட்ட மருந்தாளுநர் 2009-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஓஹியோ அந்த ஆண்டு டெக்னீஷியன்களுக்குத் தகுதி விதிகளைச் சட்டமாக்கியது. சட்டம் தேவையானது. சிறைத்தண்டனை எந்த மருந்தகத்தின் கலவை அறையையும் பாதுகாப்பாக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். கடைசியாகக் கையெழுத்திட்டவரைத் தண்டிப்பதைப் பார்க்கும் மற்ற மருந்தாளுநர்கள், தங்கள் அறையில் நூலிழையில் தப்பிய தவறுகளை வெளியே சொல்லத் தயங்குவார்கள். மருந்துப் பாதுகாப்புக்குத் தேவையான தகவலே அப்படித் தப்பிய தவறுகளில்தான் கிடைக்கிறது.

கலக்கும் அறையில் பல இடங்களில் இன்னும் பழைய முறைதான். டெக்னீஷியன் கலந்து முடித்துவிட்டு, காலிக் குப்பியையும், எவ்வளவு எடுத்தார் என்று காட்ட உள்தண்டைப் பின்னால் இழுத்துவைத்த வெறும் சிரிஞ்சையும், கலந்த கரைசல் இருக்கும் பையின் பக்கத்தில் வைப்பார். மருந்தாளுநர் அதைப் பார்த்துக் கையெழுத்திடுவார். பைக்குள் இருப்பது நிறமற்ற திரவம். அதைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் வைத்திருப்பது உண்மையில் அந்தப் பைக்குள் போனதுதானா என்பதற்கும் சாட்சி கிடையாது. குழந்தைகளுக்கான மருந்துக்கும், ஹெப்பாரின், அடர் உப்புகள், புற்றுநோய் மருந்துகளுக்குமாவது, கலப்பதற்கு முன்பே குப்பியையும் சிரிஞ்சில் இழுத்த அளவையும் இரண்டாவது நபர் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத இரவுகளுக்கு, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடிக்கும் கேமராவும், சேர்த்த மருந்தின் எடையை அளந்து கணக்கோடு ஒப்பிடும் தராசும் இருக்கின்றன. தராசில் எடை பொருந்தாவிட்டால் லேபிள் அச்சாகாதபடி அமைக்க முடியும். அப்படி அமைத்த அறையிலிருந்து தவறான பை வார்டுக்குப் போவது கடினம்.